செப்புத்தகட்டில் உலகம்: 16, 17ஆம் நூற்றாண்டு டச்சு உலக வரைபடங்களும் ஐரோப்பியக் கடற்பயணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பியர் உலகை அறிந்துவந்த வரலாற்றுக்குப் பழைய டச்சு உலக வரைபடங்கள் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. வரைபடத்தில் பொறிக்கப்பட்ட ஆண்டே அதிலுள்ள அறிவின் ஆண்டு என்னும் எண்ணம் இவ்வாறு எடுத்தாளும்போது கேள்வியின்றி இடம்பெற்றுவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் வரைபடத் தொழிலோ செப்புத்தகட்டில் முடங்கிய முதலீட்டுக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மறைகாப்புக்கும் இடையே நடைபெற்றது. மாலுமிகள் கண்டவற்றில் எவை, எப்போது, எந்த வடிவில் அச்சுக்கு வந்தன என்பதை இவ்விரண்டுமே பெரிதும் வரையறுத்தன. தென் கண்டம், கலிபோர்னியா ஆகிய இரு எடுத்துக்காட்டுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டச்சு வரைபடங்கள், மெர்கேட்டர், பிளான்சியஸ், பிளாவ், கிழக்கிந்தியக் கம்பெனி, தென் கண்டம், செப்புத்தகட்டு அச்சு

முன்னுரை

1648இல் ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளாவ் மிகப் பெரிய சுவர் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். ஸ்பெயினுக்கும் டச்சுக் குடியரசுக்கும் இடையே 80 ஆண்டுகள் நீடித்த போரை முடித்துவைத்த மூன்ஸ்டர் அமைதி உடன்படிக்கையின் ஆண்டு அது. உடன்படிக்கைப் பேச்சில் ஸ்பெயினின் தூதராக இருந்த பெனராண்டா பிரபுவுக்கே வரைபடம் காணிக்கையாக்கப்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் கொண்ட இவ்வரைபடத்தில், அதற்கு முந்தைய உலக வரைபடங்களின் அடிப்பகுதி முழுவதையும் நிறைத்திருந்த கற்பனைத் தென் கண்டம் இல்லை. அதற்கு மாறாக, ஆபெல் டாஸ்மன் 1642–1644ஆம் ஆண்டுகளில் கண்ட கரைகள் துண்டு துண்டாக, முடிவுறாத கோடுகளாக வரையப்பட்டுள்ளன.

யோவானின் தந்தை வில்லெம் பிளாவ் 1606 அளவில் வெளியிட்ட உலக வரைபடத்தில் அந்தத் தென் கண்டம் முழு உருவில் இருந்தது. வியப்புக்குரியது, இந்தப் பழைய வரைபடம் 1648இல் கைவிடப்படவில்லை என்பதே. பிளாவ் நிறுவனத்தின் நிலப்படத் தொகுப்புகளில் 1658 வரை அது தொடர்ந்து இடம்பெற்றது. பத்தாண்டுக் காலம் ஒரே நிறுவனம் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு உலகங்களை விற்றுக்கொண்டிருந்தது. அறியாமை இதற்குக் காரணமாக இருந்திருக்க இயலாது. புதிய செய்தியை அச்சிட்டவரும் பழையதை விற்றவரும் ஒருவரே. இம்முரணுக்கு விளக்கம் தேட வேண்டிய இடம் அச்சுக்கூடமும் கம்பெனியின் அலுவலகமுமே ஆகும்.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு

டச்சு வரைபடங்கள் என்று இன்று வழங்கப்படுபவற்றின் வேர் ஹாலந்தில் இல்லை. தெற்கே பிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள ருப்பெல்மொண்டேயில் 1512இல் பிறந்த ஜெரார்டு மெர்கேட்டர், பிற்காலத்தில் ஜெர்மானியப் பகுதியான டூயிஸ்பர்க்கில் குடியேறி, 1569இல் 18 தாள்களில் தம் உலக வரைபடத்தை வெளியிட்டார். உருண்டையான புவியைத் தட்டையான தாளில் விரிக்க அவர் கண்ட முறை மாலுமிகளை மனத்திற்கொண்டது. திசைகாட்டியின் ஒரே கோணத்தில் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக அமைகிறது. துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்புகள் மிகைப்பட்டுத் தோன்றுவது அதற்குக் கொடுக்கப்பட்ட விலை. மாலுமிகள் அம்முறையை உடனே ஏற்றுக்கொண்டனர் என்று பலவிடங்களில் எழுதப்படுவது சரியன்று. அது கப்பல்களில் பரவலான வழக்குக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

அடுத்த ஆண்டே, 1570 மே மாதத்தில், ஆன்ட்வெர்ப் நகரில் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் ஒரே அளவுத் தாள்களில் 53 வரைபடத் தாள்களைத் தொகுத்து நூலாக்கினார். தற்காலப் பொருளில் முதல் நிலப்படத் தொகுப்பு இதுவே எனக் கொள்வர். தாம் பயன்படுத்திய வரைபடங்களை ஆக்கியோரின் பெயர்ப்பட்டியலையும் ஓர்ட்டேலியஸ் நூலில் சேர்த்தார். சான்று காட்டும் இந்த நேர்மை பின்வந்த பதிப்பாளர்களிடம் அருகியே காணப்படுகிறது.

1585 ஆகஸ்டில் ஆன்ட்வெர்ப் ஸ்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. சீர்திருத்தக் கிறித்தவர்களான வணிகர்கள், அச்சிடுவோர், செதுக்குநர்கள் பலர் வடக்கு நோக்கிச் சென்றனர். பெட்ரஸ் பிளான்சியஸ் அவ்வாண்டிலேயே ஆம்ஸ்டர்டாமை அடைந்தார். யொடோக்கஸ் ஹொண்டியஸ் இலண்டனில் சில ஆண்டுகள் தங்கியபின் 1593இல் வந்து சேர்ந்தார். மீன்பிடிப்பும் பால்டிக் தானிய வணிகமும் வளர்த்த துறைமுகம் ஒன்று, செதுக்குக் கலையில் தேர்ந்த ஏதிலியரை ஒரே தலைமுறையில் பெற்றது. ஆம்ஸ்டர்டாமின் வரைபடத் தொழில் இப்படித் தொடங்கியது.

லிஸ்பனிலிருந்து கசிந்தவை

பிளான்சியஸ் ஒரு மதபோதகர். மாலுமிகளுக்குக் கடற்பயணக் கணக்குகளைக் கற்பித்தவரும் அவரே. கீழைக் கடல்களைப் பற்றிய செய்திகளை அப்போது போர்த்துக்கீசிய அரசு காத்துவைத்திருந்தது. பயணம் முடிந்ததும் கடல் வரைபடங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கு விதி. இருந்தும், லிஸ்பனைச் சேர்ந்த பார்த்தோலோமேயு லாசோ வரைந்த கடல் வரைபடங்கள் பிளான்சியஸின் கைக்கு வந்தன. அவற்றை வெளியிடும் 12 ஆண்டுத் தனியுரிமையை நூல் வணிகர் கொர்னேலிஸ் கிளாஸ் 1592இல் குடியரசின் பொது அவையிடம் பெற்றார். அவ்வாண்டே பிளான்சியஸின் பெரிய உலக வரைபடம் வெளிவந்தது. மெர்கேட்டரின் சட்டகத்தில் போர்த்துக்கீசியரின் கரையோரச் செய்திகள் பொருத்தப்பட்டிருந்தன. அதன் ஒரே படி ஸ்பெயினின் வாலென்சியாவிலுள்ள கல்லூரி ஒன்றில் எஞ்சியுள்ளது.

லாசோவின் வரைபடங்கள் கரைகளைக் காட்டின. அக்கரைகளில் எப்பருவத்தில் எக்காற்று வீசும் என்பதை யான் ஹூய்கன் வான் லின்ஸ்ஷோட்டன் தெரிவித்தார். 1583 முதல் 1588 வரை கோவாவில் பேராயரின் செயலராகப் பணியாற்றிய இவர், போர்த்துக்கீசிய வழிகாட்டிகளின் குறிப்புகளைத் திரட்டி ஊர் திரும்பினார். கடல்வழிகளைப் பற்றிய அவரது நூல் 1595இலும், பயண நூல் 1596இலும் அதே கொர்னேலிஸ் கிளாஸின் பதிப்பாக வந்தன. 1595இல் கொர்னேலிஸ் டி ஹவுட்மான் தலைமையில் 4 கப்பல்கள் கிழக்கே புறப்பட்டன. ஏறத்தாழ 250 பேர் சென்ற அப்பயணத்தில் மூன்றில் ஒரு பங்கினரே 1597இல் மீண்டனர். ஆதாயம் மிகக் குறைவாயினும் வழி திறந்துவிட்டது.

இதே ஆண்டுகளில் பிளான்சியஸின் மற்றொரு நம்பிக்கையும் சோதிக்கப்பட்டது. ஆசியாவின் வடக்கே உறையாத கடல் உண்டு, அதன்வழிச் சீனாவை அடையலாம் என்று அவர் கருதினார். வில்லெம் பாரன்ஸ் 1594, 1595, 1596 ஆகிய ஆண்டுகளில் மும்முறை முயன்றார். மூன்றாவது பயணத்தில் கப்பல் பனியில் சிக்க, நோவயா செம்லியாவில் மரப்பலகைகளால் வீடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. சிக்கிய 17 பேரில் 12 பேரே ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பினர். 1597 ஜூனில் திறந்த படகில் திரும்பும் வழியில் பாரன்ஸ் இறந்தார். அவர் கண்டறிந்தவற்றைக் காட்டும் துருவப்பகுதி வரைபடம் 1598இல் வெளிவந்தது. அவர்கள் கட்டிய வீட்டின் எச்சங்களை நார்வே நாட்டு மாலுமி ஒருவர் 1871இல் கண்டெடுத்தார்.

வரைபடம் பயணத்தின் விளைவு மட்டுமன்று, பயணத்தின் காரணமும் ஆகும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. தெற்கு வழியில் சென்றவர்களுக்குப் பிறர் கண்டறிந்த உண்மை வழிகாட்டியது. வடக்கே சென்றவர்களை ஊகம் அழைத்துச் சென்றது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் உண்மைக்கும் ஊகத்துக்கும் ஒரே செதுக்கு, ஒரே மை.

செப்புத்தகட்டின் பொருளியல்

செப்புத்தகட்டில் வரைபடம் செதுக்குவது மெதுவான, செலவு மிகுந்த வேலை. செதுக்குநர் உளி கொண்டு கோடுகளையும் எழுத்துகளையும் இடவலமாகத் திருப்பிச் செதுக்குவார். தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தால், மை பள்ளங்களில் மட்டும் எஞ்சும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளை அழுத்தியில் செலுத்த, மை தாளுக்கு ஏறும். வண்ணம் வேண்டுமெனில் ஒவ்வொரு தாளுக்கும் கையால் தீட்ட வேண்டும். மரக்கட்டை அச்சில் அமையாத நுண்மை இதில் கிட்டியது. ஒரு தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் படிகள் எடுக்கலாம்.

திருத்தமும் இயலும். பிழையான பகுதியைச் சுரண்டித் தேய்த்து, தகட்டின் பின்புறம் சுத்தியால் தட்டி மேற்பரப்பைச் சமப்படுத்தி, மீண்டும் செதுக்குவர். ஒரு பெயரையோ ஒரு நீரிணையையோ இவ்வாறு மாற்றலாம். ஒரு கண்டத்தை மாற்றுவது புதுத்தகடு செய்வதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். 1606ஆம் ஆண்டுப் பிளாவ் தகட்டின் வரலாறு இதற்குச் சான்று. யாக்கோப் லெ மேர், வில்லெம் ஸ்கவுட்டன் ஆகியோர் 1616 ஜனவரியில் தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கடந்தனர். மகெல்லன் நீரிணைக்குத் தெற்கிலுள்ள நிலம் தீவு என்பது இதனால் தெளிவாயிற்று. தகட்டில் லெ மேர் நீரிணை சேர்க்கப்பட்டது. அந்நிலமே தென் கண்டத்தின் வடவிளிம்பு என நெடுங்காலம் எண்ணப்பட்டுவந்தது. விளிம்பு கழன்ற பின்னும் கண்டம் அப்படியே விடப்பட்டது. அதைச் சுரண்டித் தேய்ப்பதற்குத் தகட்டின் அடிப்பகுதி முழுவதையும் இழக்க வேண்டியிருந்தது.

தகடுகள் சொத்தாகக் கருதப்பட்டன, கைமாறின. மெர்கேட்டரின் தகடுகளை அவருடைய வழித்தோன்றல்களிடமிருந்து ஹொண்டியஸ் 1604இல் வாங்கி, புதியவற்றைச் சேர்த்து 1606இல் தொகுப்பாக வெளியிட்டார். அவருடைய மகன் இளைய யொடோக்கஸ் 1629இல் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற தகடுகளில் ஏறத்தாழ 40 வில்லெம் பிளாவுக்கு விற்கப்பட்டன. பிளாவ் அவற்றில் ஹொண்டியஸின் பெயரை அழித்துத் தம் பெயரைச் செதுக்கினார். மறு ஆண்டே 60 வரைபடங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். ஹொண்டியஸ் குடும்பத்தாரும் அவர்களுடைய உறவினர் யோகன்னஸ் யான்சோனியஸும் இழந்த வரைபடங்களை விரைந்து மீண்டும் செதுக்க வைத்தனர். அடுத்த 30 ஆண்டுப் போட்டியில் இரு நிறுவனங்களும் தொகுதிகளின் எண்ணிக்கையையே பெருக்கின. 1662இல் இலத்தீனில் 11 தொகுதிகளாக வெளிவரத் தொடங்கிய பிளாவின் ‘அட்லஸ் மையோர்’ ஏறத்தாழ 600 வரைபடங்களைக் கொண்டது. அப்பெருந்தொகுப்பின் விலை வண்ணத்துக்கேற்ப 350 முதல் 450 கில்டர் வரை இருந்தது. இத்தகைய நூலை வாங்கியவர் கப்பலோட்டி அல்லர். வாங்கியவரின் நூலகத்துக்கு வேண்டியவை நல்ல தாள், பொன் முத்திரையிட்ட கட்டமைப்பு, நிறைந்த பக்கங்கள் ஆகியவை. கரையின் தீர்க்கரேகை ஓரிரு பாகை பிசகியிருப்பது அவருக்கு ஒரு பொருட்டன்று.

கம்பெனியின் வரைபட அலுவலர்

1602 மார்ச்சில் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கென வரைபட அலுவலர் ஒருவரை அமர்த்தியது. 1617 முதல் 1632 வரை அப்பொறுப்பில் இருந்தவர் ஹெஸ்ஸல் கெரிட்ஸ். அவருக்குப்பின் 1633இல் வில்லெம் பிளாவும், அவர் 1638இல் இறந்தபின் மகன் யோவானும் பதவியேற்றனர். திரும்பிவரும் கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பெற்று, மூலவரைபடங்களைத் திருத்தி, புறப்படும் கப்பல்களுக்குக் கையால் படியெடுத்துத் தருவதே இவ்வலுவலரின் பணி. கப்பலுக்குரியவை பெரும்பாலும் தோலில் வரையப்பட்டன. பயணம் முடிந்தபின் அவை திருப்பித் தரப்பட வேண்டும். லிஸ்பனின் விதியை முறியடித்து வளர்ந்தவர்கள், ஒரு தலைமுறைக்குள் அதே விதியைத் தங்களுக்காக வகுத்துக்கொண்டனர்.

ஆக, ஐரோப்பாவின் மிகப் பெரிய வரைபட வணிகரே கம்பெனியின் மறைபொருள்களைக் காப்பவராகவும் இருந்தார். காலையில் கையெழுத்து வரைபடத்தில் ஜாவா, மொலுக்கா கடல்களின் ஆழ அளவுகளைத் திருத்தும் கைகள், மாலையில் அச்சுக்கு அவற்றைத் தரக்கூடாது. இது நடைமுறையில் முற்றிலும் கடைப்பிடிக்கப்பட்டது என்று கொள்வதற்கில்லை. ஆம்ஸ்டர்டாம் வழக்கறிஞர் லாரன்ஸ் வான் டெர் ஹெம், ‘அட்லஸ் மையோர்’ படி ஒன்றை வாங்கி, அதனுடன் ஆயிரக்கணக்கான ஓவியங்களையும் வரைபடங்களையும் சேர்த்து ஏறத்தாழ 50 தொகுதிகளாக விரித்தார். கம்பெனியின் கையெழுத்து வரைபடங்களின் படிகளும் அவற்றுள் பல உள்ளன. இத்தொகுப்பு இப்போது வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. மறைகாப்பு செல்வர்க்கு ஓரளவு நெகிழ்ந்தது. போட்டியாளருக்கும் பொதுச் சந்தைக்கும் நெகிழவில்லை.

தென் நிலம்: ஊகமும் கரையும்

தென் கண்டம் என்னும் கருத்து பழைமையானது. வடக்கே இவ்வளவு நிலம் இருக்கும்போது அதற்கு ஈடாகத் தெற்கிலும் நிலம் இருந்தாக வேண்டும் என்று மெர்கேட்டர் கருதினார். மார்க்கோ போலோவின் நூலிலுள்ள கீழைநாட்டுப் பெயர்கள் சில, படியெடுத்தோரின் பிழையால் இடம் மாறி, ஜாவாவுக்குத் தெற்கே இக்கற்பனைக் கண்டத்தின் முனையில் ஏறின. ‘லோக்காக்’ என்ற பெயர் ‘பீச்’ எனத் திரிந்து பொன் விளையும் நாடாக வரைபடங்களில் நின்றது.

டச்சுக் கப்பல்கள் தொட்டதோ வேறு. 1606இல் வில்லெம் யான்சோன் தலைமையில் ‘டைஃப்கென்’ என்னும் சிறுகப்பல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையான கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையை அடைந்தது. அதை நியூ கினியின் தொடர்ச்சி என்றே அவர் எண்ணினார். 1611இல் ஹெண்டிரிக் பிரௌவர் புதிய வழி ஒன்றைக் கையாண்டார்: நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கே இறங்கி, வலிய மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே விரைந்து, பிறகு வடக்கே ஜாவாவுக்குத் திரும்புவது. பயணக் காலம் பல மாதங்கள் குறைந்தது. சில ஆண்டுகளில் கம்பெனி இதைக் கட்டாயமாக்கியது. எப்போது வடக்கே திரும்புவது என்பதே சிக்கல். அட்சரேகையைக் கதிரவனைக் கொண்டு அறியலாம். தீர்க்கரேகையைக் கடலில் அறியும் வழி அன்று இல்லை. ஓடிய வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி ஊகிக்க வேண்டும். பிந்தித் திரும்பிய கப்பல்கள் மேற்கு ஆஸ்திரேலியக் கரையைச் சந்தித்தன. டிர்க் ஹார்ட்டோக் 1616 அக்டோபர் 25 நாளிட்ட ஈயக்கலவைத் தட்டு ஒன்றை அங்கு நாட்டிச் சென்றார். அத்தட்டு இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1627இல் கெரிட்ஸ் இக்கரைக்கெனத் தனி வரைபடம் ஆக்கினார்.

இரண்டாண்டு கழித்து, 1629 ஜூனில், 300க்கும் மேற்பட்டோருடன் சென்ற ‘பட்டாவியா’ கப்பல் ஹவுட்மான் அப்ரோல்ஹோஸ் என்னும் பாறைத்தொடரில் மோதி உடைந்தது. அப்பாறைகள் கம்பெனிக்குத் தெரியாதவை அல்ல. 1619இலேயே பிரெடெரிக் டி ஹவுட்மான் அவற்றைக் கண்டிருந்தார். வரைபடத்தில் பாறை இருந்தது, ஆனால் கப்பல் எங்கே இருக்கிறது என்பது கப்பலோட்டிக்குத் தெரியவில்லை. வரைபடத்தின் துல்லியத்தைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைப் பலநேரம் கவனிப்பதில்லை.

1642 ஆகஸ்டில் தலைமை ஆளுநர் அந்தோனி வான் டீமன், டாஸ்மனை இரண்டு கப்பல்களுடன் பட்டாவியா நகரிலிருந்து அனுப்பினார். நவம்பர் 24ஆம் நாள் இன்றைய டாஸ்மேனியாவும், டிசம்பர் 13ஆம் நாள் இன்றைய நியூசிலாந்தும் கண்ணில்பட்டன. அங்குள்ள வளைகுடாவில் மாவோரி மக்களுடன் ஏற்பட்ட மோதலில் டச்சு மாலுமிகள் நால்வர் மாண்டனர். அவ்விடத்துக்குக் ‘கொலைஞர் வளைகுடா’ எனப் பெயரிட்டு டாஸ்மன் அகன்றார், கரையில் காலூன்றவில்லை. தாங்கள் கண்ட நிலத்தை அவர் ‘ஸ்டாட்டன் லாண்ட்’ என்றழைத்தார். தென்னமெரிக்க முனைக்குக் கிழக்கே லெ மேர் கண்டு அதே பெயரிட்ட நிலத்தோடு இது இணைந்திருக்கலாம் என்பது அவரது எண்ணம். அதாவது, தென் கண்டத்தின் இரு முனைகள். 1643இல் பிரௌவர் அந்தத் தென்னமெரிக்க நிலம் ஒரு சிறு தீவே என்று கண்டறிந்ததும் இணைப்பு அறுந்தது. டாஸ்மன் கண்ட நிலத்துக்கு ‘நோவா சேலாண்டியா’ எனப் புதுப்பெயர் இடப்பட்டது. உலகின் இரு கோடிகளில் நடந்த இரண்டு பயணங்களை ஒரே மேசையில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய அலுவலகம் ஒன்று இருந்ததால்தான் இத்திருத்தம் இயன்றது. அங்கு காலங்காலமாக வாழ்ந்துவந்தோர் தம் நிலத்துக்கு வழங்கிய பெயர் அந்த மேசைக்கு வரவில்லை.

இச்செய்திகளைக் கம்பெனி 1648இல் அச்சுக்கு விட்டது ஏன்? டாஸ்மன் பொன்னையோ நறுமணப் பொருளையோ வணிகம் செய்யத்தக்க நகரங்களையோ கொண்டு வரவில்லை. இயக்குநர்களின் கணக்கில் அப்பயணங்கள் வீண்செலவு. ஆதாயமில்லாத கரையை மறைத்துவைப்பதால் பயனில்லை. வெளியிட்டால் முதலில் கண்டவர் என்ற உரிமையாவது நிலைக்கும். மொலுக்கா தீவுகளின் ஆழ அளவுகள் காப்பறையில் கிடக்க, ஆஸ்திரேலியாவின் கரைகள் ஐரோப்பியச் சுவர்களில் தொங்கியதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் தென்படவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்தின் பெருங்கூடத் தரையில் 1650களில் பளிங்கில் பதிக்கப்பட்ட உலக அரைக்கோளங்களிலும் டாஸ்மனின் கண்டுபிடிப்புகள் இடம்பெற்றன. குடிமக்கள் நாள்தோறும் அவற்றின்மேல் நடந்தனர்.

இச்சூழலில் 1606ஆம் ஆண்டுத் தகடு 1658 வரை நீடித்ததும் விளங்குகிறது. சுவர் வரைபடம் அரசர்க்கும் நகரமன்றங்களுக்கும் உரிய காட்சிப்பொருள். அதில் புதுமையே மதிப்பு. தொகுப்பின் முதல் தாளோ, ஓரங்களில் ஏழு கோள்கள், நாற்பூதங்கள், நான்கு பருவங்கள், ஏழு அதிசயங்கள் ஆகியவற்றின் நுண்சித்திரங்கள் சூழ, வாங்குவோரைக் கவர்ந்துகொண்டிருந்த தேய்ந்துபோகாத தகடு. 1662இல்தான் அதனிடத்தில் இரட்டை அரைக்கோள வரைபடம் வந்தது.

கலிபோர்னியா: பின்னோக்கிய திருத்தம்

புதிய தகடு பழையதைவிட எல்லா வகையிலும் மேலானது என்று கொண்டால் கலிபோர்னியா அதற்கு இடையூறாகும். மெர்கேட்டர், ஓர்ட்டேலியஸ், 1606ஆம் ஆண்டுப் பிளாவ் ஆகியோரின் வரைபடங்களில் கலிபோர்னியா தீபகற்பமாகச் சரியாகவே உள்ளது. 1622இல் ஆம்ஸ்டர்டாமில் மிக்கீல் கொலைன் வெளியிட்ட ஸ்பானிய வரலாற்று நூல் ஒன்றின் முகப்பிலுள்ள சிறு வரைபடத்தில் அது தீவாகத் தோன்றியது. ஹென்ரிக்கஸ் ஹொண்டியஸின் 1630ஆம் ஆண்டு உலக வரைபடத்திலும் அது தீவு. இதே வரைபடம்தான் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் கரையை நிலப்படத் தொகுப்பொன்றில் முதன்முதலாகக் காட்டியவற்றுள் ஒன்று. ஒரே தாளில் ஒரு புதிய உண்மையும் ஒரு புதிய பிழையும் ஒருங்கே நுழைந்தன. 1662ஆம் ஆண்டுப் பிளாவ் வரைபடமும் தீவையே ஏற்றது. பழைய தகட்டிலிருந்த சரியான வடிவம், புதுமையின் பெயரால் கைவிடப்பட்டது.

காரணம் எளிது. கிழக்குக் கடல்களில் டச்சுப் பதிப்பாளர்களுக்குத் தம் நாட்டு மாலுமிகளின் நாட்குறிப்புகள் இருந்தன, சரிபார்க்க இயன்றது. அமெரிக்காவின் மேற்குக் கரை ஸ்பெயினுக்குரியது. அங்கிருந்து வந்தவை கைப்பற்றப்பட்ட வரைபடங்களும் செவிவழிச் செய்திகளும் மட்டுமே. சரிபார்க்க இயலாதவிடத்தில் அண்மையில் வந்த செய்தியே நம்பப்பட்டது. ஏசுசபைத் துறவி எவுசேபியோ கீனோ 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலவழியே சென்று அது தீவன்று என்று காட்டிய பின்னரும், பழைய தகடுகளைக் கொண்டிருந்த பதிப்பாளர்கள் தீவை அச்சிட்டுக்கொண்டிருந்தனர்.

ஓரச் சித்திரங்கள்

பிளான்சியஸ் 1594இல் வெளியிட்ட இரட்டை அரைக்கோள வரைபடத்தின் மூலைகளில் கண்டங்கள் பெண்ணுருவங்களாக வரையப்பட்டன. ஐரோப்பா அரியணைத் தோற்றத்தில் செழிப்புடன் அமர, பிற கண்டங்கள் விலங்குகளின் மேல் வீற்றிருக்கின்றன. இவ்வமைப்பைப் பின்வந்தோர் பலரும் பின்பற்றினர். நிகோலாஸ் விஸ்ஸர் 1658இல் வெளியிட்ட வரைபடத்தின் மூலைகளை அழகுபடுத்தியது ஓவியர் நிகோலாஸ் பெர்ஹெமின் தொன்மக் காட்சிகள். இவற்றை வெறும் அணிகலன் என ஒதுக்குவதும், ஒவ்வொரு கோட்டிலும் ஆதிக்கக் கருத்தியலைத் தேடுவதும் ஆய்வுலகில் காணப்படும் இரு எல்லைகள். ஓரச் சித்திரங்கள் பெரும்பாலும் பட்டறைகளுக்கிடையே படியெடுக்கப்பட்ட வார்ப்புகளே. ஆயினும், யான் பீட்டர்ஸோன் கூன் 1621இல் பாண்டா தீவு மக்களை அழித்த பின், அத்தீவுகளைச் சாதிக்காய்த் தீவுகளாக மட்டும் காட்டிய தாளின் மூலையில் ஆசியா ஐரோப்பாவுக்குக் காணிக்கை ஏந்தி நிற்பதைப் பார்க்கையில் அவ்வார்ப்பு பொருளற்றது என்று சொல்வதற்கில்லை.

சோழமண்டலக் கரையும் தாமதித்த அச்சும்

ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் காலூன்றி, 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையை அமைத்தனர். மொலுக்காவின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கொடுக்கச் சோழமண்டலத் துணிகளே அவர்களுக்குத் தேவைப்பட்டன. 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் வசமாயின. அன்றைய உலக வரைபடங்களில் இக்கரை சில ஊர்ப்பெயர்களைத் தாங்கிய ஒரு விளிம்பு மட்டுமே. உலகப் படத்தின் அளவு அவ்வளவுதான் இடங்கொடுக்கும் என்பது உண்மையே. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல் மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய வரைபடங்களையும் நகரக் காட்சிகளையும் தமிழ் எழுத்துகள், இலக்கணக் குறிப்புகளையும் தந்தது. அது கற்றோர்க்குரிய நூல். கப்பலோட்டிக்கு வேண்டிய கடல் வரைபடங்கள் கையெழுத்திலேயே புழங்கின. கம்பெனியின் வரைபடங்களில் எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தமிழகக் கடற்கரை வரலாற்றில் ஈடுபடுவோர் தேட வேண்டியது அச்சுத் தொகுப்புகளைக் காட்டிலும் அங்குதான்.

1672 பிப்ரவரியில் பிளாவ் அச்சகம் தீக்கிரையானது. மறு ஆண்டு யோவான் இறந்தார். எஞ்சிய தகடுகள் ஏலத்தில் சிதறின. யான்சோனியஸ் நிறுவனத்தின் தகடுகளை 1694இல் வாங்கிய பீட்டர் ஸ்கெங்க், ஜெரார்டு வால்க் இருவரும் அவற்றிலிருந்து மேலும் பல ஆண்டுகள் அச்சிட்டனர். 1681 முதல் வெளிவந்த வான் கூலன் குடும்பத்தின் கடல் வரைபடத் தொகுப்பில் ஆசியக் கடல்களுக்கு இடமில்லை. அக்குடும்பத்தின் இரண்டாம் யோகன்னஸ் 1743இல் கம்பெனியின் வரைபட அலுவலரானார். அதன்பின்னரே, 1753இல், ஆசியக் கடல்களுக்கான ஆறாம் பகுதி அச்சாயிற்று. பிரெஞ்சு மாலுமி டாப்ரே டி மானவிலெட் இந்தியப் பெருங்கடலுக்கான தம் கடல் வரைபடத் தொகுப்பை அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே பாரிசில் வெளியிட்டுவிட்டார்.